மார்பகத் தொய்வுக்கு இம்பிளாண்ட் போதும் என்று சொல்லும் மையங்கள்: ஓர் எச்சரிக்கை

மார்பகம் தொய்ந்துவிட்டதே என்ற வருத்தத்தோடு அழகியல் சிகிச்சை மையத்துக்குப் போகிறீர்கள். உங்களை நிற்கவைத்து நாடாவால் அளந்துகூடப் பார்க்காமல், "உள்ளே இம்பிளாண்ட் என்ற சிலிக்கான் பையை வைத்துவிட்டால் தானாகத் தூக்கிக்கொள்ளும், தழும்பும் அதிகம் இருக்காது" என்கிறார்கள். அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் இதைச் சொல்லித்தான் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு உடல் எடையும் நன்றாகக் குறைந்திருந்தது. மார்பகம் உள்ளீடற்றுச் சரிந்தது போலாகிவிட்டது. அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காக யாரிடமும் நான் கூச்சப்படவில்லை, இதைப் படிக்கும் எந்தப் பெண்ணும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்த மையத்தில் என்னிடம் பேசியவர் வெள்ளைக் கோட்டு அணிந்த "ஆலோசகர்". அவர் மருத்துவர் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதைக் காட்டி, "இது குறைபாடு" என்றார். தொய்வுக்குக் காரணம் தாய்ப்பால் கொடுத்ததுதான் என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். அறுவை சிகிச்சை நிபுணரை நான் முதன்முதலாகப் பார்த்தது, மயக்க மருந்து கொடுக்க அழைத்துப் போன காலையில். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பற்றிய பேச்சே எழவில்லை.

குறைபாடு பற்றியும் தாய்ப்பால் பற்றியும் அந்த ஆலோசகர் சொன்ன இரண்டுமே தவறு. இரு மார்பகங்களும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருக்கும் பெண்கள் அரிது, சிறு வேறுபாடு இயல்பானது. தொய்வைப் பொறுத்தவரை, கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்துப் பிறகு சுருங்குவது, வயது, பெரிய எடை மாற்றம், புகைப்பழக்கம் ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். பால் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், பால் கொடுத்தது தனிக் காரணமாகத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்ததை ஒரு தாய் நினைத்து வருந்தும்படி பேசி வியாபாரம் செய்கிறார்களே, அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு விளைவு தெரிந்தது. இம்பிளாண்ட் மார்புத் தசைக்கு அடியில் மேலே மேடாக நின்றது. என் சொந்த மார்பகமோ அதன் மேலிருந்து வழிந்து முன்பு தொங்கிய இடத்திலேயே தொங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மேடுகள். "படியும், பொறுங்கள், மசாஜ் செய்யுங்கள்" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். கடைசியில் அதே ஆலோசகர், "இதற்கு லிஃப்ட், அதாவது மார்பகத்தைத் தூக்கும் அறுவை சிகிச்சை, தனியாகச் செய்ய வேண்டும், கட்டணம் வேறு" என்றார். அப்படியென்றால் லிஃப்ட் தேவைப்படும் என்பது முதல் நாளே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறொரு பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரிடம் போனேன். அவர் பேச்சைத் தொடங்கும் முன் என்னை நேராக நிற்கவைத்து, கழுத்துக் குழியிலிருந்து முலைக்காம்பு வரையிலும், காம்பிலிருந்து மார்பகம் மார்போடு சேரும் அடிமடிப்பு வரையிலும் அளந்தார். தொய்வின் அளவைத் தீர்மானிப்பது அந்த அடிமடிப்புதான். காம்பு மடிப்பின் மட்டத்தில் இருந்தால் லேசான தொய்வு, அதற்குக் கீழே இறங்கியிருந்தால் நடுத்தரம், மார்பகத்தின் அடிக்கோடிக்கே வந்து தரையைப் பார்த்தால் கடுமையான தொய்வு. 1976-இல் ரெனோ என்ற மருத்துவர் வகுத்த இந்தப் பிரிவுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்களாம். கண்ணாடி முன் நின்று நாமே ஓரளவு பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் இது.

இம்பிளாண்ட் கன அளவைக் கூட்டும், அவ்வளவுதான். மிக லேசான தொய்வாக இருந்தால் அந்த நிரப்பலே போதுமானதாகத் தோன்றலாம். காம்பு மடிப்புக்குக் கீழே இறங்கிவிட்டால், உபரித் தோலை வெட்டி, திசுவை மறுபடி வடிவமைத்து, காம்பை மேலே நகர்த்தியாக வேண்டும். அதுதான் லிஃப்ட். அதற்குத் தழும்பு உண்டு: காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் மட்டும், அல்லது அதோடு கீழ்நோக்கி ஒரு கோடு, தொய்வு அதிகமானால் அடிமடிப்பு நெடுகிலும் இன்னொரு கோடு. தழும்பில்லாமல் தூக்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். தளர்ந்த தோலுக்குள் கனமான இம்பிளாண்டை வைத்தால், அந்தப் பாரமே நாளடைவில் தோலை மேலும் இழுத்துவிடும். கன அளவு போதுமானதாக இருப்பவர்களுக்கு இம்பிளாண்டே இல்லாமல் லிஃப்ட் மட்டும் செய்யலாம். இந்த வழி இருப்பதை அந்த மையத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

உள்ளே வைத்த பொருளின் விவரத்தையும் எனக்குத் தரவில்லை. தயாரிப்பாளர், வகை, அளவு, வரிசை எண் கொண்ட அட்டையை நோயாளியிடம் கொடுத்தாக வேண்டும். இதை அற்பமான காகிதம் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைச் சிலிக்கானை மார்பக இம்பிளாண்டுகளில் நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது. 2019-இல் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது, லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோயின் ஒரு வகையோடு அதற்குத் தொடர்பு தெரிந்ததால். அந்தச் செய்திகள் வந்தபோது தன் உடலுக்குள் இருப்பது எது என்று அறிய ஒரு பெண்ணுக்கு அந்த அட்டைதான் வழி.

இம்பிளாண்ட் ஆயுள் முழுக்க நிலைக்கும் பொருளும் அல்ல. கசியலாம், கிழியலாம், சுற்றிலும் உருவாகும் தழும்புத் திசு இறுகி மார்பகத்தைக் கல்லாக்கி வலி கொடுக்கலாம். சிலிக்கான் இம்பிளாண்ட் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். அதனால்தான் முதல் ஸ்கேனை 5 முதல் 6 ஆண்டுகளுக்குள்ளும், பிறகு 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ. மறு அறுவை சிகிச்சைக்கான செலவும் முதல் நாளே பேசப்பட வேண்டியது.

கத்தி வேண்டாம் என்று தயங்குபவர்களுக்கு அந்த மையத்தில் களிம்பும் கருவிகளும் இருந்தன. மார்பகத்துக்குள் தசை இல்லை. களிம்போ மசாஜோ அதைத் தூக்காது. உடற்பயிற்சி அடியிலுள்ள மார்புத் தசையை வலுவாக்கும், மேலிருக்கும் தளர்ந்த தோலை இறுக்காது. ஊசியில் நிரப்பும் ஜெல்லிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. மேக்ரோலேன் என்ற ஜெல்லை மார்பகத்தில் பயன்படுத்துவதை 2012-இல் அதன் தயாரிப்பாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். மாமோகிராம் படத்தில் ஜெல் குழப்பம் ஏற்படுத்துமே என்ற கவலைதான் காரணம்.

பால் நிறுத்தி சில மாதங்களாவது ஆகட்டும், எடை நிலைக்கட்டும், அதன் பிறகு முடிவெடுங்கள். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், செய்த லிஃப்ட் மறுபடி தொய்யக்கூடும். வடிவம் ஒரு பக்கத்தில் மட்டும் திடீரென மாறியிருந்தால், தோல் குழிந்தோ ஆரஞ்சுத் தோல் போல் தடித்தோ இருந்தால், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டால், அழகியல் மையத்துக்கே போகாதீர்கள். உடனே மார்பக மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு இம்பிளாண்டை எடுத்துவிட்டு லிஃப்ட் செய்வதென்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன் உள்ளே இருப்பது எந்த வகை என்று புதிய மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அறுவை சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் இம்பிளாண்ட் வரிசை எண்ணையும் கேட்டு அந்த மையத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. அடுத்து மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கப் போகிறேன்.