புள்ளியா, பழக்கமா, தோல்வியா: மேசை விளையாட்டுகளில் பாத்திரம் வளரும் வழிகள்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் எங்கள் ஆட்டக் குழுவில் அறுவர் இருக்கிறோம். ஆனால் ஆறு பேரும் ஒன்றாக அமர்ந்த நாட்கள் குறைவு. வந்தாறுமூலையில் படிக்கும் இருவருக்குப் பரீட்சை வந்துவிடும். கல்முனையிலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு வேலைமுறை மாறிவிடும். ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஒரு பாத்திரம் எவ்வாறு தேர்ச்சி பெறுகிறது என்பது விதிநூலின் ஒரு மூலையில் கிடக்கும் சிறிய கணக்கு என்றே முதலில் எண்ணியிருந்தோம். தவறாமல் வருபவரின் பாத்திரத்துக்கும் இடையிடையே வருபவரின் பாத்திரத்துக்கும் நடுவே விழுந்த இடைவெளியைக் கண்ட பின்னர்தான், எந்த விளையாட்டை எடுப்பது என்பதையே அந்தக் கணக்கு தீர்மானிக்கிறது என்பது விளங்கியது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட்டே, செய்த காரியத்துக்குச் சேரும் அனுபவப் புள்ளி, அது போதிய அளவு சேர்ந்ததும் பாத்திரம் ஏறும் படியாகிய நிலை என்னும் இரண்டையும் பரவலாக்கியது. அதன் தொடக்ககாலப் பதிப்புகளில், நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர் வாளை உருவாமல், காவலைச் சுற்றிப் போய்ப் பெட்டியைத் தூக்கிவரவே முயன்றார். 1989இன் இரண்டாம் பதிப்பு காசுக்கான புள்ளியை விரும்பினால் பாவிக்கும் விதியாக ஒதுக்கிய பின்னர், பாரம் சண்டையின் பக்கம் சாய்ந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் நிலையை எட்ட ஒருவருக்கு 300 புள்ளி வேண்டும். கொப்ளின் என்னும் சிற்றரக்கன் ஒன்றைக் கொன்றால் 50 புள்ளி, அதையும் கூட இருந்தவர்கள் பங்கிட வேண்டும். நால்வர் கொண்ட குழு கொப்ளின்களை மட்டும் வெட்டி முன்னேறுவதாயின் 24 கொப்ளின்கள் சாக வேண்டும். சமாதானம் பேசிக் கதவைத் திறந்தாலும் புள்ளி கொடுக்க, கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நடத்துநருக்கு இடமுண்டு என்பது உண்மையே. ஆயினும் அச்சிட்ட எண் அரக்கனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும்போது, மேசையைச் சுற்றியிருப்பவர்களின் கண் அங்கேதான் போகிறது.

எங்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை ஐந்தாம் நிலையில் வந்தது. 6,500 புள்ளியில் அந்த நிலையை எட்டும் போர்வீரன் ஒரே முறையில் இரு தடவை தாக்கலாம். மந்திரவாதி நெருப்புக் கோளத்தை எறியலாம். மூன்று ஞாயிறு வராமல் நான்காம் நிலையிலேயே நின்றுவிட்ட நண்பர் அன்றைய சண்டை முழுவதும் பார்வையாளராகவே இருந்தார்.

இதற்கு மாற்றாக, கதையின் முக்கியமான கட்டம் முடியும்போது எல்லோரையும் ஒன்றாக உயர்த்தும் முறையும் அதே விளையாட்டில் உண்டு. மட்டக்களப்புக் கூத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்குரிய பாட்டைச் சட்டமாகக் கொடுத்துப் பல மாதங்கள் இரவிரவாகப் பழக்கிய பின்னர், சதங்கை அணியும் நாளில் துள்ளி ஆடுபவரும் தாளத்துக்குத் தடுமாறுபவரும் ஒன்றாகவே சதங்கை கட்டுவர். இந்த முறையில் வராதவருக்கு நட்டமில்லை. ஆனால் எதைச் செய்தாலும் அதே நாளில் அதே உயர்வு என்றான பிறகு, எங்கள் ஆட்டத்தில் துணிந்து ஒன்றைச் செய்துபார்க்கும் துடிப்பு குறைந்தது. அடுத்த கட்டம் எப்போது முடியும் என்று நடத்துநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே மிஞ்சியது. கூத்திலும் சதங்கைக்கு முன்னே தனித்தனி ஆட்களின் பழக்கம் இருக்கிறது என்பதை இந்த முறை மறந்துவிடுகிறது.

அந்தப் பழக்கத்தையே விதியாக்கியது 1978இன் ரூன்குவெஸ்ட். அதை வெளியிட்ட கேயோசியம் நிறுவனத்தின் கோல் ஒவ் கத்துலு என்னும், துப்பறிவாளர்களாக ஆடும் திகில் விளையாட்டும் 1981இல் அதே வழியில் வந்தது. இங்கே நிலை என்ற ஒன்றே இல்லை. நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்ட ஒரு திறனை ஆட்டத்தில் வெற்றியாகப் பாவித்தால் அதன் பக்கத்தில் ஒரு குறி இடலாம். பின்னர் ஓய்வு நேரத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை எண் விழும்படி பகடை உருட்டி, இருக்கும் அளவைவிடக் கூடுதலாக விழுந்தால் திறன் வளரும். கத்துலுவின் ஏழாம் பதிப்பில் அந்த வளர்ச்சி ஒரு பத்துமுகப் பகடையின் அளவு. இதன் அழகு கணக்கில் இருக்கிறது: 40இல் இருப்பவர் குறியிட்டால் வளர்வதற்கு நூற்றுக்கு 60 வாய்ப்பு, 80இல் இருப்பவருக்கு 20 வாய்ப்பு மட்டுமே. முந்திப் போனவர் தானாகவே மெதுவாகிறார். பிந்தி வந்தவர் எட்டிப் பிடிக்கிறார். நடத்துநர் எவருக்கும் சலுகை காட்ட வேண்டியதில்லை. கத்துலுவில் இன்னொரு முரணும் உண்டு. அதன் கதையில் வரும் தொன்மப் பயங்கரங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு, பாத்திரத்தின் புத்தி பேதலிக்காமல் இருப்பதை அளக்கும் மனத்தெளிவு எண்ணின் உச்ச வரம்பு 99இலிருந்து குறைந்துகொண்டே போகும். வளர்ச்சியே தேய்வாகவும் இருக்கும் விதியை வேறெங்கும் இவ்வளவு சிக்கனமாக நான் கண்டதில்லை.

குறையும் இருக்கிறது. குறி தேடி அலையும் பழக்கம் எங்கள் குழுவிலும் தொற்றியது. குதிரையே இல்லாத ஒரு தெருவில் குதிரையேற்றத்துக்குப் பகடை கேட்டவரை நான் அறிவேன். தேவையற்ற உருட்டலை மறுக்கத் தெரிந்த நடத்துநர் இல்லாவிட்டால் இம்முறை கேலிக்கூத்தாகிவிடும்.

புள்ளிகளைக் கையில் கொடுத்து விரும்பிய திறன்களை வாங்கிக்கொள்ளச் சொல்லும் கேர்ப்ஸ் விளையாட்டு, 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வடித்தது. சுதந்திரம் அதிகம், ஆயினும் நான்காம் பதிப்பில் அறிவாற்றலை ஒரு படி உயர்த்தவே 20 புள்ளி வேண்டும், ஓர் அமர்வுக்குக் கிடைப்பதோ சில புள்ளிகள். சேமிப்புப் புத்தகம் பார்ப்பது போன்ற அந்தச் சலிப்பு எங்களுக்கு ஒத்துவரவில்லை. 1977இன் ட்ரவலரோ மறு எல்லை: பாத்திரத்தின் அனுபவமெல்லாம், நான்கு நான்கு ஆண்டுகளாகச் செய்த உத்தியோகத்தின் வழியே, ஆட்டம் தொடங்கும் முன்னரே சேர்ந்துவிடுகிறது, உருவாக்கும்போதே பாத்திரம் செத்துப்போகவும் கூடும்.

கடைசியாக எடுத்தது 2012இன் டன்ஜன் வேர்ல்ட். இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை, பாத்திரத்தின் ஆற்றலுக்கேற்பக் கூட்டும் திருத்த எண்ணுடன் சேர்த்து, 6 அல்லது அதற்குக் கீழே போனால் காரியம் கெடும், ஆனால் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். திருத்தம் எதுவும் இல்லாதவர் 36க்கு 15 தடவை தவறுகிறார்; இரண்டு கூட்டிக்கொள்பவர் 36க்கு 6 தடவை மட்டுமே. ஆகவே தனக்கு வராத வேலையில் கைவைப்பவரே விரைவாகக் கற்கிறார். முதலாம் நிலையிலிருந்து ஏற 8 புள்ளி போதும். ஒரு நிலை பின்தங்கினாலும் ஐந்தாம் பதிப்பைப் போல ஆள் செயலற்றுப் போவதில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் தயங்காமல் இதையே கொடுப்பேன். தோற்கப் பயப்படுபவர்தான் முதல் நாளிலேயே வாய்மூடி இருந்துவிடுகிறார். இங்கே அந்தப் பயத்துக்கு விலை கிடைக்கிறது. பத்து நிலையுடன் வளர்ச்சி நின்றுவிடுவதால், ஆண்டுக்கணக்கில் ஓடும் கதைக்கு இது பற்றாது.

நீண்ட கதைக்கு நாங்கள் கத்துலுவின் குறியிடும் முறையில் நிலைத்துவிட்டோம், ஒரு திருத்தத்துடன்: வராதவரும் தன் பாத்திரம் அந்தக் கிழமை என்ன செய்தது என்று எழுதி அனுப்பினால் ஒரு திறனுக்குக் குறியிடலாம். கல்முனை நண்பர் பஸ்ஸில் இருந்தபடியே தட்டச்சிட்டு அனுப்புகிறார். ஆறு கிழமைக்குப் பின் அவர் திரும்பி வந்தபோது அவருடைய துப்பறிவாளரின் நூலகத் தேடல் என்னுடையதைவிட ஏழு மட்டுமே குறைவாக இருந்தது, அவருடைய மனத்தெளிவு எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாக இருந்தது.