திரிபோஷா: பொதியில் இருப்பதும் பிள்ளையின் வயிற்றுக்குப் போவதும்

திரிபோஷா என்பது இலங்கையில் நிறை குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சத்துமா. 1973இல் கெயார் என்ற தொண்டு நிறுவனமும் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யூ.எஸ்.எயிட்டும் சேர்ந்து தொடங்கிய வெளிநாட்டு உதவி இது. இன்று மா உள்நாட்டில், கந்தானையிலேயே தயாராகி, தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் மிட்வைஃப் அம்மாவின் கையால் கிடைக்கிறது.

மாவில் பெரிய குறை இல்லை. சோளம், சோயா, விட்டமின்களும் கனியுப்புகளும். ஏற்கெனவே வெந்த மா என்பதால் அடுப்பு மூட்டத் தேவையில்லை; விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) ஓடும் தாய்க்கு அது பெரிய உதவி. மாதத்துக்கு 750 கிராம் பொதி இரண்டு. நாளொன்றுக்கு 50 கிராம், ஏறத்தாழ 200 கலோரி. தாய்ப்பால் குடிக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு மற்ற உணவிலிருந்து 550 கலோரி வேண்டும். மூன்றில் ஒரு பங்கை இந்த மாவே தந்துவிடுகிறது.

கணக்கு பிசகுவது லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்தான். மூன்று பிள்ளைகள் இருந்தால் 50 கிராம் 17 ஆகிவிடும். எந்தத் தாயும் ஒன்றுக்கு ஊட்டி மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்க விடமாட்டாள். அவளைக் குறை சொல்லவே கூடாது. நிறை குறைந்த பிள்ளைக்கு மட்டும் மாவைக் கொடுத்து, வீட்டுக்கென்று அரிசியும் பருப்பும் கொடுக்காத திட்டம்தான் தவறு.

அடுத்த தவறு கரைக்கும் விதம். தண்ணீராகக் கரைத்துப் போத்தலில் கொடுத்தால் வயிறுதான் நிறையும். 8 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு தடவையில் கொள்வது சுமார் 240 மில்லிலீட்டர். அதனால் 25 கிராமாக இரண்டு வேளை கொடுங்கள். கொதித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, கரண்டியைச் சரித்தாலும் வழியாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்தால் இன்னும் 40 கலோரி. கூடவே சாயத் தேத்தண்ணி வேண்டாம். தேயிலைச் சாயம் மாவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நம் தோட்டங்களில் அதிகம் நடப்பது இதுதான்.

மழை, பனிக்காலத்தில் பிரித்த பொதியை இறுக்கமான மூடியுள்ள டின்னில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். கட்டி பிடித்தாலோ சிக்கு வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். சோளத்தில் பிடிக்கும் பூஞ்சணத்திலிருந்து வரும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வீட்டுச் சமையலிலும் போகாது. அந்தப் பிரச்சினையால்தான் 2022இல் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான உற்பத்தியே தடைப்பட்டது. மிகவும் தேவைப்பட்ட வயதில், பொருளாதார நெருக்கடியால் மிகவும் தேவைப்பட்ட ஆண்டில்.

உலக உணவுத் திட்டத்தின் சூப்பர் சீரியல் பிளஸ் என்ற சத்துமா இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இதைவிடப் பொருத்தம். பால்மாவும் எண்ணெயும் சேர்ந்தது, 100 கிராமில் 410 கலோரி. ஆனால் ஐந்து முதல் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும், விறகும் வேண்டும். புயத்தின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இரண்டுமே போதாது; அந்தப் பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3. ஆகவே திட்டத்தை மதிப்பிட வருபவர்கள் பொதிகளை எண்ணுவதோடும் நிறை பார்ப்பதோடும் நின்றுவிடாமல் உயரத்தையும் அளக்க வேண்டும். மா கொடுத்த பதினைந்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முதல் பொதி அன்றுதான் முடிந்திருக்க வேண்டும். இரண்டாவதும் காலியென்றால் வீடே பங்கிட்டுச் சாப்பிடுகிறது. முதலாவதே பாதி மிச்சமென்றால் பிள்ளை சாப்பிடவில்லை. ஏன் என்று தாயிடம் உட்கார்ந்து கேளுங்கள்.