ஜப்பானில் முதுகலை: கென்க்யூசெய் வழியா, நேரடிச் சேர்க்கையா?

ஜப்பானில் முதுகலை என்று பேச்செடுத்தாலே முகவர்கள் முதலில் நீட்டுவது கென்க்யூசெய், அதாவது ஆய்வு மாணவர் சேர்க்கை. நுழைவுத் தேர்வு இல்லை, ஒரு பேராசிரியர் சம்மதித்தால் போதும், மாணவர் விசா கிடைத்துவிடும் என்பார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் இதற்குப் பட்டம் கிடையாது, பெரும்பாலான துறைகளில் கிரெடிட்டும் கிடையாது. முதுகலை நுழைவுத் தேர்வை அங்கே போய் எழுதித்தான் தீர வேண்டும். இது வாசலுக்கு வெளியே போட்ட திண்ணை. உட்காரலாம், ஆனால் வீட்டுக்குள் வந்ததாகாது.

முதலில் கணக்கு. தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவருக்கு வழக்கமான கட்டணம்: விண்ணப்பம் 9,800 யென், சேர்க்கை 84,600, பிறகு மாதம் 29,700. ஓராண்டுக்கு மொத்தம் 4,50,800 யென். முதுகலைக்கு விண்ணப்பம் 30,000, சேர்க்கை 2,82,000, ஆண்டுக் கட்டணம் 5,35,800. ஆய்வு மாணவராக ஏற்கெனவே சேர்க்கைக் கட்டணம் கட்டியிருந்தாலும் முதுகலைக்கு மறுபடி கட்ட வேண்டும். கட்டண விலக்கு முதுகலை மாணவருக்கு உண்டு, கென்க்யூசெய்க்குப் பெரும்பாலும் இல்லை. இன்னொன்று: வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை ஜப்பான் அரசு 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டது. பழைய பதிவுகளில் உள்ள தொகையை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நாள்காட்டி. பல பொறியியல் துறைகளில் முதன்மை நுழைவுத் தேர்வு ஆகஸ்டில் நடக்கும். தேறியவர்கள் அடுத்த ஏப்ரலில் சேர்வார்கள். ஏப்ரலில் போய் இறங்கினால் தேர்வுக்குத் தயாராக நான்கு மாதம், பிறகு சேரும்வரை ஏழெட்டு மாதம். அக்டோபரில் இறங்கினால்? துறையில் பிப்ரவரித் தேர்வு இருந்தால் ஆறு மாதத்தில் உள்ளே போய்விடலாம். இல்லையென்றால் அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருந்து, அக்டோபர் சேர்க்கையும் இல்லாத துறையாக இருந்தால் மொத்தம் ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். கட்டணம் மட்டும் 6,29,000 யென். எனவே பேராசிரியர் பெயரைத் தேடுவதற்கு முன்பே அந்தத் துறையின் தேர்வு ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த மாதம், எந்த மொழியில் என்று பார்த்துவிடுங்கள். பழைய வினாத்தாள்களைத் துறைகள் இணையதளத்தில் போடுகின்றன, அல்லது அலுவலகத்தில் தருகின்றன. நம் செமஸ்டர் தேர்வுபோல மனப்பாடம் செய்து எழுத முடியாது. ஒரே கேள்வியில் படிப்படியாகத் தருவித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். முதல் படி தவறினால் மிச்சமும் போச்சு.

அடுத்தது பேராசிரியரின் முன்சம்மதம். ஒரே மின்னஞ்சலை முப்பது பேருக்கு அனுப்புவது இங்கே எடுபடாது. ஒரே துறையில் இருவருக்கு அனுப்பினால் அவர்களுக்குள் தெரிந்துவிடும், இருவருமே ஒதுங்கிக்கொள்வார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று மட்டும் தொடங்கினாலே குப்பைக்குப் போகும். குடும்பப் பெயருடன் எழுதுங்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றிலிருந்து உங்கள் கேள்வி எழ வேண்டும். இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், மதிப்பெண் பட்டியல், பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி, எந்த மாதம் வர நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி. இதற்கு மேல் தேவையில்லை. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மட்டும் கவனம்: அங்கே பல துறைகளுக்குச் சேர்க்கை உதவி அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்த பிறகுதான் பேராசிரியரை அணுக முடியும்.

சம்மதம் வந்ததும் அவரிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: "உங்கள் லேபில் ஆய்வு மாணவராக வந்தவர்கள் முதுகலைத் தேர்வில் தேறுகிறார்களா?" கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் பதில் மழுப்பலாக வந்தால் அந்த லேபை விட்டுவிடுவது நல்லது. இரண்டாவது முறையும் தேர்வில் தவறினால், ஆய்வு மாணவர் காலத்தை நீட்டிக்க அவர் கையெழுத்திடுவது அரிது. அந்தக் காலம் முடிந்தால் விசாவுக்கு ஆதாரமும் போய்விடும்.

தமிழ்நாட்டிலிருந்து மூன்றாண்டு பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. முதுகலைக்கு ஜப்பான் எதிர்பார்ப்பது பொதுவாகப் 16 ஆண்டுக் கல்வி. 12-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 15தான். பல பல்கலைக்கழகங்கள் தனிப்பட்ட தகுதி ஆய்வு செய்து சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கான விண்ணப்பக் கெடு சேர்க்கைக் கெடுவுக்கு வெகு முன்பே முடிந்துவிடும், பலர் தவறவிடுவது இங்கேதான். பி.இ. படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலங்கையில் பள்ளியே 13 ஆண்டு என்பதால் அங்கே மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கும் கணக்கு நேராகிவிடுகிறது.

ஆங்கிலவழி முதுகலை இருக்கும் துறை என்றால், எங்கள் தீர்ப்பு தயக்கமின்றி நேரடிச் சேர்க்கைதான். ஆவணங்களும் இணையவழி நேர்காணலும் போதும், ஊரிலிருந்தே முடியும். கென்க்யூசெய் வழி பொருந்துவது இருவருக்கு: ஜப்பானிய மொழியில் தேர்வெழுதும் துறைக்குப் போகிறவர், இளங்கலையிலிருந்து வேறு துறைக்கு மாறுகிறவர். இவர்களுக்கு அந்த ஓராண்டு உண்மையிலேயே பலன் தரும்.

ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். ஜப்பான் தூதரகத்தின் மூலம் விண்ணப்பித்து வருபவர்களில் பலர் ஆய்வு மாணவராகத்தான் தொடங்குகிறார்கள். கட்டணம் இல்லை, மாதம் 1,43,000 யென் வருகிறது, முதுகலையில் அது 1,44,000 ஆகும். விண்ணப்பம் ஏப்ரல், மே வாக்கில் திறக்கும். ஆனால் குறித்த காலத்துக்குள் நுழைவுத் தேர்வில் தேறாவிட்டால் தொகை நின்றுவிடும். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் உள்ளவர்கள் முனைவர் மாணவர்களுக்கான ஸ்ப்ரிங் உதவித் திட்டத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அதன் வாழ்க்கைச் செலவுத் தொகையை 2027 முதல் ஜப்பானியர்களுக்கு மட்டும் தருவதாகக் கல்வி அமைச்சகம் 2025இல் முடிவெடுத்தது.

போய் இறங்கிய பிறகு வரும் சின்னச் சின்ன வேறுபாடுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கென்க்யூசெய்க்கு ரயிலில் மாணவர் மாதச் சீட்டு கிடையாது, வேலைக்குப் போகிறவர் விலையில்தான் வாங்க வேண்டும். 20 வயதானவர்களுக்குத் தேசிய ஓய்வூதியம் கட்டாயம். 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். இதைப் பிறகு கட்டலாம் என்று முதுகலை மாணவருக்கு உள்ள ஒத்திவைப்பு ஆய்வு மாணவருக்குச் செல்லாது. முகவரி பதியும் 14 நாளுக்குள், அதே நகர அலுவலகத்தில், வருமானம் இல்லாதோருக்கான விலக்குப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பணம் கட்டச் சொல்லிச் சீட்டு வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பகுதிநேர வேலைக்கு வாரம் 28 மணி நேர அனுமதியை விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம். ஆனால் பரிசோதனை லேபில் இருப்பவருக்கு அதில் பாதி நேரம்கூட ஒதுக்குவது கடினம்.

படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்க நினைப்பவர்கள் ஏப்ரல் சேர்க்கையையே தேர்ந்தெடுங்கள். நிறுவனங்கள் ஆட்களை ஏப்ரலில் சேர்க்கின்றன, தேடுதல் முதலாண்டு முடியும் மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அக்டோபரில் சேர்ந்தவர் செப்டம்பரில் பட்டம் வாங்கி ஆறு மாதம் இடைவெளியில் நிற்பார். அதற்குத் தனியே விசா நிலையை மாற்ற வேண்டும். ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5 தொடக்கநிலை, என்1 உச்சம்) என்2 நிலையை முதுகலையின் முதல் டிசம்பருக்குள் எட்டிவிட்டால் அந்த மார்ச்சுக்குச் சரியாக இருக்கும். சென்னையிலேயே இந்தத் தேர்வு நடப்பதால் என்3 வரையாவது புறப்படும் முன்பே முடித்துக்கொள்ளலாம்.