குடும்பப் படங்களை எங்கே வைப்பது: கூகுள் போட்டோஸ், என்டே, வீட்டு சர்வர்

2021 ஜூன் 1-ஆம் தேதியோடு கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவசம் முடிந்துபோனது. இப்போது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்தே 15 ஜிபிதான். போனில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்ததும், சாஃப்ட்வேர்காரன் என்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள்: காசு கட்டுவதா, வேறு வழி இருக்கிறதா?

தேடுவதில் கூகுளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் பத்து வருடப் படங்களும் வந்து நிற்கும். ஆனால் படங்களைப் பூட்டும் சாவி கூகுளிடமே இருக்கிறது, அதனால் அவர்களால் திறந்து பார்க்க முடியும். 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மருத்துவருக்குக் காட்டத் தன் குழந்தையின் படத்தை எடுத்தார். அது குழந்தை ஆபாசப் படம் என்று தானியங்கிச் சோதனையில் சிக்கி, கணக்கே முடக்கப்பட்டது. குற்றமில்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை.

என்டே என்பதும் கூகுள் போட்டோஸ் மாதிரி படங்களைச் சேமிக்கும் செயலிதான், ஆனால் படத்தைப் போனிலேயே பூட்டிவிட்டுத்தான் மேலே அனுப்பும். முகம் அறிவதும் போனிலேயே நடப்பதால் ஆரம்பத்தில் போன் சூடாகும், பேட்டரி சரசரவென்று இறங்கும். கடவுச்சொல், 24 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி இரண்டும் தொலைந்தால் அவர்களாலும் திறக்க முடியாது. அதனால் அந்தச் சொற்களைத் தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள். பெற்றோர் போனுக்கு நான் சொல்வது என்டேயைத்தான்.

அப்புறம் வீட்டு சர்வர், அதாவது வீட்டில் எந்நேரமும் ஓடும் நம் சொந்தக் கணினியிலேயே படங்களை வைப்பது. பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, படங்களைச் சேமித்துக் காட்டும் இம்மிச் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் செலவே இல்லை என்பார்கள் நம் தொழில்காரர்கள். மீட்டரைக் கேட்டால் வேறு கதை சொல்லும். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதத்தில் 86 யூனிட் சாப்பிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஏசி ஓடும் வீடென்றால் 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாபே மாறிவிடலாம். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியும் ஒரு எஸ்எஸ்டி டிஸ்க்கும் சேர்ந்து 7 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட்தான்.

அப்படியும், வீட்டு சர்வர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. கூகுளின் டேட்டா சென்டர்களில் கணினிக்குப் போகும் ஒரு யூனிட்டுக்குக் குளிரூட்டல் போன்ற மேல்செலவு சுமார் 0.1 யூனிட். அந்தக் கணினியையும் எத்தனையோ பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். நம் பெட்டியோ ஒரே குடும்பத்துக்காக ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறது. படம் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதற்கு நியாயமான காரணம். எனக்கு அது போதும். ஆனால் வெளியூரிலிருந்து பார்க்க வீட்டுக் கணினியை இணையம் வழியாகப் பாதுகாப்பாக எட்டவைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி மென்பொருள் ஒன்று வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய தனி ஐபி முகவரி நம்மூர் பிராட்பேண்டில் கிடைப்பது அபூர்வம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில் யூபிஎஸ் இல்லையென்றால் சர்வரும் படுத்துவிடும்.

சரி, இதையெல்லாம் பார்த்துக்கொள்வேன் என்பவர்கள் ராஸ்பெர்ரி பை வாங்கும்போதே இரண்டாவது டிஸ்க்கையும் வாங்கிவிடுங்கள். அவ்வப்போது நகலெடுத்து அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.