லேசான மெக்னீசியாவா, கனமானதா?

தெர்மல் பேட்டரி அறை வெப்பத்தில் வெறும் கட்டை. உள்ளே இருக்கும் உப்பு உருகினால்தான் உயிர் வரும். ஏவுகணைக்குள் வருடக்கணக்காகத் தூங்கிவிட்டு, வேண்டிய நொடியில் எழுவது அதனால்தான். ஆனால் உருகிய உப்பு தண்ணீராய் ஓடும். அதைப் பிடித்து வைக்கத்தான் உப்பை அழுத்திச் செய்யும் வில்லையில் பீங்கான் பொடி கலக்கிறோம். எந்தப் பொடி என்று முடிவெடுக்க எனக்கு ஒரு செமஸ்டர் போனது.

உப்பு வழக்கமானதுதான்: எடையில் 45 பங்கு லித்தியம் குளோரைடு, 55 பங்கு பொட்டாசியம் குளோரைடு, 352 டிகிரி செல்சியஸில் உருகும். பழைய கால்சியம் பேட்டரிகளில் போட்ட நுண்சிலிக்காவை முதலிலேயே தள்ளிவிட்டேன். கொஞ்சம் போட்டாலே உப்பைப் பிடிக்கும், ஆனால் இப்போதைய பேட்டரிகளின் எதிர்முனையில் இருக்கும் லித்தியம் அதை அரித்துவிடும். மிச்சம் மெக்னீசியம் ஆக்சைடு, அதாவது மெக்னீசியா. மிதமான சூட்டில் சுட்ட லேசான பொடி ஒன்று, 1500 டிகிரிக்கு மேல் சுட்டு இறுகிய கனமான பொடி இன்னொன்று.

வேதியியலில் இரண்டும் ஒன்றுதான். டப்பாவில் போட்டிருக்கும் தூய்மை சதவீதத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உலையில்தான் தெரிந்தது. இரண்டையும் தனித்தனியாக உப்போடு 35 சதவீதம் கலந்து வில்லை அழுத்தி, மேலே எடை வைத்துச் சூடாக்கினேன். கனமான பொடி போட்ட வில்லை ஓரமெல்லாம் உப்பு வியர்த்து, பிதுங்கி, தட்டையானது. லேசானது கொஞ்சம் அமுங்கியதோடு சரி. ஆற்றுமணலில் ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடும், களிமண்ணில் நிற்கும் இல்லையா? அதே கதை. துகள் நுண்ணியதாக இருந்தால் இடுக்குகள் குறுகும். குறுகிய இடுக்கு உருகிய உப்பை நுண்துளை விசையால் இழுத்துப் பிடிக்கும். கனமானதையே கூடுதலாகப் போட்டால் போதாதா என்றால், உப்பின் பங்கு குறையும், அயனி நகர வழி சுருங்கும், உள்மின்தடை ஏறும். பேட்டரிக்கு அது கட்டுப்படியாகாது.

லேசான பொடியிலும் தொல்லை உண்டு. பறக்கும், அச்சில் சீராக இறங்காது, காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் குடிக்கும். ஒருநாள் டப்பாவை மூட மறந்து ஒரு தொகுதியே வீணானது. இப்போது 600 டிகிரியில் சுட்டு, ஆறியதும் உலர் அறையிலேயே கலக்கிறேன். ரொம்பச் சுட்டாலும் ஆபத்துதான்: துகள்கள் ஒட்டி வளர்ந்து, பரப்பு குறைந்து, அதுவும் கனமானதாகிவிடும். கையாள்வதற்கு மட்டும் கனமானதே சுகம்.

436 டிகிரியில் உருகும் லித்தியம் ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு கலவையில் ஒரே ஒரு தொகுதிதான் செய்தேன். அதிலும் லேசானதே தேறியது, ஆனாலும் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது தூய்மையைவிட, கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்று கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு வில்லை அழுத்தி, எடை வைத்துச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.