ஸ்பேசருக்கு நைலாக் நட்டா, ஸ்பிரிங் வாஷரா?

காரின் தரை இடைவெளியைக் கூட்ட, ஸ்ட்ரட்டின் (சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்–ஷாக் அப்சார்பர் தொகுப்பு) தலைமேல் ஸ்பேசர் என்ற இடைக்கட்டையை வைக்கும்போது எல்லோரும் பார்ப்பது அதன் தடிமனைத்தான். நட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல பட்டறைகளில் சாதா நட்டும் ஸ்பிரிங் வாஷரும் (வெட்டி முறுக்கிய வளையம்)தான் கைக்கு முதலில் வரும். விலை மலிவு, கழற்றி மாட்டுவதும் சுலபம்.

ஆனால் முழுதாக முறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகிவிடும். பிறகு அது வெறும் தகட்டு வாஷர்தான், ஸ்பிரிங் என்று பெயர் மட்டும் இருக்கும். பக்கவாட்டு அதிர்வுதான் நட்டைக் கழற்றுகிறது என்று ஜெர்மன் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். அந்த வகைச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை.

நைலாக் நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரையைக் கவ்விப் பிடிக்கும். அதுவும் இறுக்கம் குறையாமல் காக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தளர்ந்தாலும் சட்டென்று கழன்று விழாது. சஸ்பென்ஷனில் எனக்கு அது போதும். இங்கே பிரேக் அளவுக்குச் சூடும் இல்லை. நைலானுக்குத் தொல்லை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான்.

ஒரு சிக்கல்: ஸ்பேசர் ஏறியதும் பழைய போல்ட்டின் மரை போதாமல் போகலாம். நைலானைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரியவேண்டும். தெரியாவிட்டால் நீளமான போல்ட் போடுங்கள், தரம் பழையதற்குக் குறையாமல். கழற்றிய நைலாக்கைத் திரும்பப் போடாதீர்கள். ஸ்பேசருக்கு அடியில் உள்ள பெயின்ட் நசுங்கினாலும் இறுக்கம் குறையும். அதனால் எந்த நட்டு போட்டாலும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபாருங்கள்.