அப்பாச்சிக்கு பாஸ்கலில் மாட்யூல்: ஃப்ரீ பாஸ்கல் 3.2.2, ஆறு மாத அனுபவம்

அப்பாச்சி என்ற வெப் சர்வருக்குள்ளேயே ஏறி ஓடும் துணை நிரலை, அதாவது மாட்யூலை, ஃப்ரீ பாஸ்கல் என்ற இலவசக் கம்பைலரைக் கொண்டு பாஸ்கல் மொழியில் எழுதிய அனுபவம் இது. கம்பைலரை நிறுவுவது இதில் ஒரு வேலையே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உபுண்டு லினக்ஸ் 22.04-இல் எஃப்பிசி என்ற பேக்கேஜைப் போட்டால் போதும், 2021 மே மாதம் வெளியான 3.2.2 பதிப்பு, அதோடு வெப் வேலைக்கான எஃப்சிஎல்-வெப் நூலகம், அப்பாச்சி 2.4-க்கான யூனிட்கள் (பாஸ்கலில் நிரலின் தனித்தனிப் பகுதிகளுக்கு அந்தப் பெயர்) எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற காரியம். சிக்கல் எல்லாம் அதற்கப்புறம்தான், பாஸ்கலும் அப்பாச்சியும் சந்திக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நான் இரண்டு வாரம் தடுமாறியது அங்கேதான், அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும்.

பாஸ்கல் எதற்கு என்று கேட்பீர்கள். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு பாஸ்கல் வகையைச் சேர்ந்த டெல்பியில் எழுதிய பில்லிங் மென்பொருளை நான் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, சாக்கு எடை கழிவு, இறக்குக் கூலி, கமிஷன், முன்பணம் கொடுத்திருந்தால் அதைப் பிடித்தம் செய்வது என்று சீசனுக்கு சீசன் அடித்துத் திருத்திச் சரிபார்த்த கணக்கு அது. பிரவுசரில் வேண்டும் என்று கேட்டார்கள். கணக்கை வேறு மொழியில் திரும்ப எழுதினால் எங்கோ ஒரு ரூபாய் இடிக்கும், விவசாயி வந்து கேட்பார், பதில் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அப்பாச்சி சர்வரிலேயே ஓட வேண்டும், தனியாக இன்னொரு சர்வீஸ் கூடாது என்பதும் அவர்கள் சொன்னது. அதனால் மாட்யூல்.

ஃப்ரீ பாஸ்கலை 1993-இல் ஃப்ளோரியன் கிளாம்ஃப்ல் தொடங்கினார், 1.0 வந்தது 2000-இல். முப்பது வருடத்துக்கு மேலாகத் தன்னார்வலர்கள் இதை நடத்துகிறார்கள். கம்பைலர் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், ஆனால் நம் நிரலோடு சேர்ந்து போகிற நூலகங்களுக்குத் தனி விலக்கு உண்டு, அதனால் நம் மூல நிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை, விற்கவும் செய்யலாம். கம்பைலருக்கு டெல்பி பாணி என்று சொன்னவுடன் என் கணக்கு யூனிட்கள் அனேகமாக அப்படியே கம்பைல் ஆகிவிட்டன, விண்டோஸ் சார்ந்த நாலைந்து இடங்களை மட்டும் மாற்றினேன். வேகம் பற்றி ஒரு வார்த்தை: மொத்த புராஜெக்ட்டையும் முதலிலிருந்து கட்டினாலும் என் பழைய மடிக்கணினியில் சில விநாடிகள்தான். பாஸ்கலை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 2024 ஜனவரி 1 அன்று காலமானார். எளிமையான மொழி, வேகமான கம்பைலர் என்று அவர் கடைசி வரை வலியுறுத்தியதன் பலனை ஒவ்வொரு முறை கம்பைல் பொத்தானை அழுத்தும்போதும் அனுபவிக்கிறேன்.

பேக்கேஜ் வழியாகப் போடாமல் டார் ஃபைலை இறக்கி நிறுவுகிறவர்களுக்கு ஒன்று. வரவேற்பு நிரலைக்கூடக் கம்பைல் செய்யாமல் 'சிஸ்டம் யூனிட்டைக் காணோம்' என்று நின்றால் பயப்பட வேண்டாம். கம்பைலரில் குறையில்லை, அதன் கான்ஃபிக் ஃபைலில் யூனிட்கள் இருக்கும் பாதை தப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். எஃப்பிசி-எம்கே-சிஎஃப்ஜி என்று கூடவே ஒரு சின்ன கருவி வருகிறது, சரியான பாதையைக் கொடுத்து அதை ஓட்டினால் புது கான்ஃபிக் எழுதிக் கொடுத்துவிடும்.

சரி, மாட்யூல். ஃப்ரீ பாஸ்கலில் நிரல் எழுதுவதற்கான லாசரஸ் ஐடிஇ-யில் அதன் வெப் பேக்கேஜைச் சேர்த்தால் அப்பாச்சி மாட்யூலுக்கென்றே ஒரு டெம்ப்ளேட் கிடைக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். புராஜெக்ட் என்பது ஒரு லைப்ரரி, அதாவது தனியாக ஓடாமல் வேறொரு நிரலுக்குள் ஏறி ஓடுவது, அதற்குள் ஒரு மாட்யூல் ரெக்கார்டு, அதை ஒரு பெயரில் ஏற்றுமதி செய்கிறோம். அந்தப் பெயரும் அப்பாச்சி கான்ஃபிகில் மாட்யூலை ஏற்றும் வரியில் எழுதுகிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. பாஸ்கலில் அந்த வித்தியாசத்தைப் பார்க்காமலே பழகிய கை ஆயிற்றே, ஒரு எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். 'இந்த ஃபைலில் மாட்யூல் அமைப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று அப்பாச்சி சொல்லிக்கொண்டே இருந்தது, அரை நாள் போயிற்று.

அடுத்த பிழை இன்னும் சுவாரசியமானது. 41503234 எதிர்பார்த்தேன், 41503232 வந்திருக்கிறது என்று லாகில் ஒரு வரி. இவை வெறும் எண்கள் இல்லை, எழுத்துகளின் ஆஸ்கி குறியீடுகள்: முதலாவது ஏபி24, இரண்டாவது ஏபி22. அதாவது நான் சேர்த்திருந்த எஃப்பிஅப்பாச்சி யூனிட் 2.2-க்கானது, சர்வரோ 2.4. பெயரின் கடைசியில் 24 என்று முடிகிற யூனிட்டுக்கு மாற்றியவுடன் ஏறிவிட்டது. இப்படி ஒரு வரியில் பதில் கிடைக்கிற விஷயங்களை ஒரே இடத்தில் தொகுத்து வைக்காததுதான் இந்த நூலகத்தில் எனக்குப் பெரிய குறை. கம்பைலரின் கையேடு அருமையாக இருக்கிறது, வெப் பகுதிக்கு வந்தால் மூல நிரலையும் உதாரணங்களையும் திறந்து படிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் கையேட்டைப் புரட்டும்போது சர்வருக்குள் மாட்யூல் ஏற்றி ஓட்டும் பழைய சிஸ்டமான நோவெல் நெட்வேருக்கான கட்டளைகள்கூட இன்னும் இருப்பதைப் பார்த்தேன், திரைக்குப் பெயர் வைப்பது, த்ரெட்டுக்குப் பெயர் வைப்பது என்று. சர்வருக்குள் ஏற்றுகிற மாட்யூலை இந்தக் கம்பைலரில் கட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு தெம்பு.

தமிழில் பில் எடுக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் தவறாமல் படியுங்கள். டெர்மினலில் சோதித்தபோது விவசாயி பெயர், ஊர் பெயர் எல்லாம் அழகாக வந்தது. அதே நிரலை அப்பாச்சிக்குள் ஏற்றினால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள், எழுத்துக்கு ஒன்றாக. எண்கள் மட்டும் சரியாக இருந்தன. டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், பிரவுசரைச் சந்தேகப்பட்டேன், இரண்டிலும் குற்றம் இல்லை. விஷயம் இதுதான்: யூனிகோட் ஸ்டிரிங்கை ஆன்சி ஸ்டிரிங்காக (பாஸ்கலில் எழுத்தை வைக்கும் இரண்டு வகைகள்) மாற்றும்போது, லினக்ஸில் சிடபிள்யூஸ்டிரிங் யூனிட் இருந்தால் அது சிஸ்டத்தின் மொழி அமைப்பைப் பார்த்து மாற்றுகிறது. என் டெர்மினலில் அது எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யுடிஎஃப்-8. டெபியன், உபுண்டுவில் அப்பாச்சி தொடங்கும்போது என்வார்ஸ் என்ற ஃபைலில் மொழியை வெறும் 'சி' என்று வைத்துவிடுகிறது, அதாவது ஆங்கில எழுத்து மட்டும். தமிழ் அதில் அடங்காது, கேள்விக்குறியாகிவிடுகிறது. அந்த ஃபைலிலேயே சிஸ்டத்தின் மொழியை எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரி ஒன்று கமெண்டாக இருக்கிறது, அதைத் திறந்துவிடலாம். நான் அதை நம்பாமல், மாட்யூல் தொடங்கும் இடத்திலேயே மாற்றத்துக்கான கோட்பேஜ் யுடிஎஃப்-8 என்று நிரலில் எழுதிவிட்டேன். சர்வரை யார் எப்படி மாற்றினாலும் மண்டியில் முத்துசாமி முத்துசாமியாகவே அச்சாக வேண்டும்.

த்ரெட் விஷயமும் முக்கியம். அப்பாச்சி 2.4 இன்று பெரும்பாலும் ஈவென்ட் முறையில் ஓடுகிறது, ஒரே நேரத்தில் பல த்ரெட்கள், அதாவது இணையாக ஓடும் வேலைகள், நம் நிரலுக்குள் நுழையும். த்ரெட்களுக்கான சித்ரெட்ஸ் யூனிட்டை யூனிட் பட்டியலில் முதல் ஆளாகச் சேர்ப்பது ஒன்று. டெஸ்க்டாப் பழக்கத்தில் டேட்டாபேஸ் இணைப்பைப் பொது மாறியாக வைத்திருந்தால் அதை உடனே எடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டு பேர் ஒரே நொடியில் பில் போட்டால் ஒருவர் கணக்கு மற்றவர் திரையில் வரும், இதைவிட மோசமான பிழை பில்லிங்கில் கிடையாது.

இன்னொன்று, இது எனக்கு அதிர்ச்சி. தனி நிரலில் பூஜ்ஜியத்தால் வகுத்தால் அது ஒரு விதிவிலக்காக வந்து, பிடித்து, செய்தி காட்டிவிடலாம். லைப்ரரியில் ஃப்ரீ பாஸ்கல் சிஸ்டம் சிக்னல்களை (இப்படிப் பிழை நடந்ததும் சிஸ்டம் அனுப்பும் அறிவிப்புகள்) தானாகப் பிடிப்பதில்லை, அதனால் அதே வகுத்தல் அப்பாச்சியின் சைல்ட் பிராசஸையே கொன்றுவிடும், அதில் இருந்த மற்றவர்களின் கோரிக்கையும் சேர்ந்து போகும். யோசித்தால் அதுதான் சரி, சர்வரின் சிக்னலில் விருந்தாளி கை வைக்கக் கூடாது. மூட்டை எண்ணிக்கை பூஜ்ஜியமா என்று வகுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு இருந்தும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், எஃப்சிஎல்-வெப் கட்டப்பட்டிருக்கும் விதம். பக்கங்களைக் கையாளும் நிரல் ஒன்றுதான். மேலே இருக்கும் புராஜெக்ட் ஃபைலில் எந்த யூனிட்டைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதுவே சிஜிஐ (கோரிக்கை வரும்போது சர்வர் தனியாக ஓட்டும் நிரல்) ஆகும், அதன் வேகமான வகையான ஃபாஸ்ட் சிஜிஐ ஆகும், தனக்கென ஒரு குட்டி எச்டிடிபி சர்வர் ஆகும், அப்பாச்சி மாட்யூலும் ஆகும். பகலெல்லாம் குட்டி சர்வராக ஓட்டி டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நடந்து பார்க்கிறேன், சாயங்காலம் மாட்யூலாகக் கட்டி ஏற்றுகிறேன். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரம் மிச்சம். புது மாட்யூலை வைக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேலேயே காப்பி செய்யாதீர்கள், சர்வர் விழும். வேறு பெயரில் வைத்துவிட்டுப் பெயர் மாற்றி, அப்பாச்சியை முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்று ஆவணக் குறைக்கு.

கடைசியாக ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 22.04-இல் கட்டிய மாட்யூலை 20.04 ஓடுகிற சர்வரில் வைத்தால் லினக்ஸ் நிரல்களின் அடிப்படை சி நூலகமான கிலிப்சி 2.34 இல்லை என்று ஏறவே ஏறாது, ஏனென்றால் 20.04-இல் இருப்பது 2.31. மண்டி சர்வர் 20.04 ஆக இருந்ததால் அங்கேயே கம்பைலரைப் போட்டு, மூல நிரலைக் கொண்டுபோய் அங்கேயே கட்டினேன், சத்தமில்லாமல் ஏறியது.